குறைந்த மரக்காலும் மிகுந்த சேக்கலும்: அமெரிக்க மருத்துவக் காப்பீடும் கறுப்பின மக்களின் உடைமையும்

ஆமோஸ் 8:5இல் தீர்க்கதரிசி வணிகர்மீது சாட்டும் குற்றத்தை, பொதுவான நேர்மைக்கேடு என்று கூறி உரையாசிரியர் பலர் விரைவாகக் கடந்துவிடுகின்றனர். ஆமோஸ் அங்கே இரண்டு செயல்களைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். விற்பவன் தானியத்தை அளக்கும் மரக்காலைச் சிறிதாக்குகிறான்; பணத்தை நிறுக்கும் சேக்கலைப் பெரிதாக்குகிறான். வாங்குகிற ஏழை பெறுவதிலும் இழக்கிறான், கொடுப்பதிலும் இழக்கிறான். இவ்விரண்டும் மறைவில் செய்யப்படுவன என்பது நம் எண்ணம். ஆனால் மரக்கால் குறைக்கப்பட்டதை ஒரு நிறுவனம் வெளிப்படையாக அறிவித்த வரலாறும் உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்து நியூவர்க் நகரில் இயங்கிய புருடென்ஷியல் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், வெள்ளையர் செலுத்தும் அதே பிரீமியத்தைச் செலுத்தும் கறுப்பினத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவான தொகையே கிடைக்கும் என்று 1881இல் முடிவு செய்தது. தவணை ஒன்றே, மரக்கால் மட்டும் வேறு.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1884இல் இவ்வகை வேற்றுமையைச் சட்டத்தால் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. இதன் விளைவு நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருந்தது. சம அளவில் விற்க வேண்டுமானால் கறுப்பினத்தவரிடம் காப்பீடு விற்கவே முயல்வதில்லை என்ற நிலைக்கு நிறுவனம் சென்றது. அந்நிலைக்கு அறிவியலின் ஆதாரம் தேவைப்பட்டது. அவ்வாதாரத்தைத் தேடித் தந்தவர், புருடென்ஷியலில் புள்ளியியலாளராகப் பணியாற்றிய ஃபிரெடெரிக் ஹாஃப்மன். 1896இல் அமெரிக்கப் பொருளாதாரக் கழகத்தின் வெளியீடாக வந்த ‘அமெரிக்க நீக்ரோவின் இனப்பண்புகளும் போக்குகளும்’ என்னும் அவரது நூலை இன்று வாசிப்போர் மிகச் சிலரே. எனினும் அதன் தருக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆகவே அந்நூலினின்றே நமது திறனாய்வைத் தொடங்குவது பொருத்தமாகும்.

ஹாஃப்மன் ஜெர்மனியில் பிறந்து, இளவயதில் அமெரிக்காவில் குடியேறியவர். தாம் அயல்நாட்டார் ஆதலால் இந்தப் பிரச்சினையில் தமக்குச் சாய்வில்லை என்று முன்னுரையிலேயே உறுதி கூறுகிறார். பின்னர் அட்டவணைமேல் அட்டவணையாக இறப்பு விகிதங்களை அடுக்குகிறார். கறுப்பினத்தவரிடையே காசநோய் மிகுதி, குழந்தை மரணம் மிகுதி, ஆயுள் குறைவு என்பன அவர் காட்டும் உண்மைகள். இவற்றுள் பெரும்பாலானவை அக்காலத்தில் உண்மையே, மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வுண்மைகளிலிருந்து அவர் எட்டும் முடிவு திகைப்பூட்டுகிறது. வாழ்நிலை இவற்றுக்குக் காரணமன்று, இனத்தின் இயல்பே காரணம், ஆகவே அந்த இனம் அழிவை நோக்கிச் செல்கிறது என்கிறார். சமயமோ கல்வியோ பொருள்நிலை உயர்வோ இதனை மாற்றவில்லை என்றும் கூறுகிறார். நற்செய்திப் பணியும் பள்ளிகளும் வீண் என்று ஒரு காப்பீட்டுக் கணக்கர் தீர்ப்பளித்ததைப் போதகர்களாகிய நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டிலேயே இரண்டு மறுப்புகள் வெளிவந்தன. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த கெல்லி மில்லர், ஹாஃப்மன் நம்பியிருந்த குடிமதிப்பே பழுதானது என்று காட்டினார். 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் பலர் எண்ணப்படாமல் விடுபட்டிருந்தனர். அந்த அடிப்படையில் கணிக்கும் வளர்ச்சி விகிதம் முதலில் ஏறுவதும் பின்னர் விழுவதும் போலத் தோன்றும். அழிவு என்று ஹாஃப்மன் கண்டது பெரும்பாலும் எண்ணியவரின் பிழையே. டபிள்யு. ஈ. பி. டு பாய்ஸ் வேறொரு வழியில் சென்றார். ஹாஃப்மன் பிறந்த ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் நகரங்கள் சிலவற்றில், அண்மைக் காலம் வரையில், வெள்ளையரின் இறப்பு விகிதமே அமெரிக்கக் கறுப்பினத்தவரின் விகிதத்தை ஒத்தோ மிஞ்சியோ இருந்ததை எடுத்துக்காட்டினார். அந்நகரத்தார் அழியும் இனத்தவர் என்று எவரும் கூறவில்லை. சாக்கடையும் குடிநீரும் சீராக்கப்பட்டபோது இறப்பு குறைந்தது. 1899இல் வெளிவந்த ‘பிலதெல்பிய நீக்ரோ’ என்னும் பெருநூலில் டு பாய்ஸ் இதே வாதத்தைத் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்று நிறுவினார்.

யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்கும் கேள்விக்கு ஹாஃப்மனின் நூலை ஒரு விடையாகவே கொள்ளலாம். பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று அவர்கள் கேட்டனர். இவன் இனமே என்கிறார் ஹாஃப்மன். ஆண்டவர் அந்தக் கேள்வியின் அமைப்பையே ஏற்கவில்லை என்பதை நாம் பிரசங்கத்தில் அடிக்கடி கூறுகிறோம். ஆயினும் நோய்க்கான காரணத்தை நோயாளியின் உடலுக்குள்ளேயே தேடும் மனப்பழக்கம் எளிதில் ஒழிவதில்லை. அதற்கு அட்டவணைகளின் துணை கிடைத்துவிட்டாலோ அது பக்தியைக் காட்டிலும் உறுதியானதாகிவிடுகிறது.

ஒன்றை இங்கே மறந்துவிடக் கூடாது. காப்பீடு என்பது வெள்ளையர் கண்டுபிடித்துக் கறுப்பினத்தவருக்கு மறுத்த பொருளன்று. 1787இல் பிலதெல்பியா நகரில் ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்தினர். தேவையுற்றவருக்கும் விதவைகளுக்கும் அந்த நிதியிலிருந்து உதவி வழங்கப்பட்டது. அச்சங்கத்தினின்றே பின்னர் இரண்டு சபைகள் தோன்றின. அதாவது அம்மக்களிடையே நோயுற்றோர் நிதி முந்தியது, ஆலயம் பிந்தியது. திருச்சபை வரலாறு கற்பிக்கும் நாம் ஆலனை ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சபையின் முதற்பேராயராக அறிமுகப்படுத்துவதோடு நின்றுவிடுகிறோம். அந்த மாதச் சந்தாவைக் கூறுவதில்லை.

ஹாஃப்மனின் பணி 1896ஆம் ஆண்டு நூலோடு முடியவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில், தொழிலாளர் அனைவருக்கும் கட்டாய நோய்க் காப்பீடு வேண்டும் என்ற இயக்கம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் எழுந்தது. ஜெர்மனியில் 1883 முதல் அத்தகைய ஏற்பாடு இருந்துவந்தது. ஹாஃப்மன் 1917இல் அதனைத் தாக்கி ஒரு சிறுநூல் எழுதினார். புருடென்ஷியல் அவ்வெதிர்ப்பில் முன்னணியில் நின்றது. கறுப்பினத்தவரைத் தனியார் காப்பீட்டினின்று விலக்கி வைத்த கையே, அனைவருக்குமான பொதுக் காப்பீட்டையும் தடுத்தது என்பது என் கருத்தில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான முடிச்சு. இயக்கம் தோற்றதற்கு அவர் ஒருவரே காரணமல்லர். மருத்துவர் சங்கமும், முதலாளிகளும், தொழிற்சங்கத் தலைவர்களில் சிலருங்கூட எதிர்த்தனர். ஜெர்மனியோடு போர் மூண்டபின் அது பகைவரின் திட்டம் என்றும் பெயர் பெற்றது. 1945இல் ட்ரூமன் அனைவருக்குமான காப்பீட்டை முன்மொழிந்தபோதும் மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு வென்றது.

பொது ஏற்பாடு இல்லாத அவ்வெற்றிடத்தில் வேறொன்று வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் ஊதிய உயர்வு சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. காப்பீட்டுச் சலுகை அக்கட்டுப்பாட்டிற்குள் வரவில்லை. ஆகவே ஆட்களை ஈர்க்க விரும்பிய முதலாளிகள் ஊதியத்திற்கு ஈடாகக் காப்பீட்டை அளித்தனர். 1954ஆம் ஆண்டு வரிச்சட்டம் முதலாளி செலுத்தும் பிரீமியத்திற்கு வரிவிலக்கை உறுதி செய்தது. அன்று முதல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் நல்ல வேலையின் துணைப்பொருள். நல்ல வேலைகளோ எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமே வயல் வேலையாட்களையும் வீட்டு வேலையாட்களையும் முதியோர் ஓய்வூதியத்தினின்று விலக்கியிருந்தது. தெற்கில் கறுப்பினத் தொழிலாளரின் பெரும்பகுதி இவ்விரு வேலைகளிலேயே இருந்தது. சட்டத்தில் நிறத்தின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இன்று பிரீமியம் எவ்வளவு? கே.எஃப்.எஃப். என்னும் சுகாதார ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பின்படி, 2024இல் வேலைவழிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர்; அதில் தொழிலாளி தம் கையிலிருந்து செலுத்துவது சராசரி 6,296 டாலர். எஞ்சியதை முதலாளி செலுத்துவதாகப் பெயர். அதுவும் காலப்போக்கில் ஊதியத்தினின்றே கழிகிறது என்பது பொருளாதார அறிஞர் பலரின் கருத்து. ஆண்டுக்கு 40,000 டாலர் பெறும் காவலாளிக்கு அந்த 6,296 டாலர் ஊதியத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 16. அதே அலுவலகத்தில் 2,00,000 டாலர் பெறும் மேலாளருக்கோ நூற்றுக்கு 3. வரிவிலக்கின் பயனும் உயர்ந்த வரி விகிதத்தில் இருக்கும் மேலாளருக்கே மிகுதி. இங்கே மரக்கால் எல்லாருக்கும் ஒன்றுதான், சேக்கலே பெரிதாகியிருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு திருமறைப் பகுதி எடுத்துக்காட்டப்படலாம். வகுப்பில் மாணவர் ஒருவர் அதை எடுத்துக்காட்டவும் செய்தார். யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில், குடிமதிப்பின்போது வாதை நேரிடாதபடி ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் கொடுக்க வேண்டும். செல்வன் மிகுதியாகவும் ஏழை குறைவாகவும் கொடுக்கக் கூடாது. தலைக்கு இவ்வளவு என்ற பிரீமியத்திற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா என்று அவர் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி, சிரித்துத் தள்ளத்தக்கதன்று.

ஆனால் அந்த அரைச் சேக்கல் உயிரின் மீட்புப்பொருள். தேவனுக்கு முன்பாக ஓர் உயிரின் மதிப்பு இன்னொன்றின் மதிப்பைவிடக் கூடியதும் குறைந்ததும் அன்று என்பதே அதன் அறிக்கை. நோய் நீங்கியவன் மீண்டும் சமுதாயத்தில் சேர்க்கப்படுவதற்கான செலவைப் பற்றி அறிய வேண்டுமானால் நாம் லேவியராகமம் 14க்குச் செல்ல வேண்டும். குஷ்டம் நீங்கியவன் எட்டாம் நாளில் இரண்டு ஆட்டுக்குட்டிகளையும், ஒரு பெண்ணாட்டுக்குட்டியையும், எப்பாவில் பத்தில் மூன்று பங்கு மாவையும் கொண்டுவர வேண்டும். அவன் ஏழையாக இருந்தால் ஒரே ஆட்டுக்குட்டியும், பத்தில் ஒரு பங்கு மாவும், இரண்டு புறாக்களும் போதும். கவனிக்க வேண்டியது இதுவே: ஆசாரியன் அவன் வலது காதிலும், கைப்பெருவிரலிலும், கால்பெருவிரலிலும் இரத்தத்தையும் எண்ணெயையும் பூசும் சடங்கு செல்வனுக்கும் ஏழைக்கும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது. ஏழைக்கு ஒரு விரல் குறைக்கப்படவில்லை. உடலில் செய்யப்படுவது சமம். செலவு அவனவன் கைக்கு எட்டிய அளவு. அதிகாரம் அச்சொற்றொடரையே மீண்டும் மீண்டும் கையாளுகிறது. அமெரிக்க ஏற்பாடு இதன் நேர்த் தலைகீழ்: செலவு சமமாகவும், கிடைக்கும் சிகிச்சை கையின் அளவாகவும் இருக்கின்றன.

இனி உடைமையைப் பார்ப்போம். அமெரிக்க மத்திய வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை குடும்பங்களின் சொத்தைக் கணக்கிடுகிறது. வெள்ளைக் குடும்பங்களை எல்லாம் சொத்தின் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து 2022இல் ஏறத்தாழ 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களில் நடுவில் நிற்கும் குடும்பத்திற்கு ஏறத்தாழ 44,900 டாலர். ஆறில் ஒரு பங்கு. ஊதிய வேற்றுமை இவ்வளவு பெரிதன்று. ஊதியம் இன்று உழைத்தவனுடையது. சொத்தோ பாட்டன் காலத்துக் கதை. 1865இல் விடுதலை பெற்றோருக்குக் கடலோர நிலம் ஒதுக்கிய படைத்தலைவரின் ஆணை அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவரால் திருப்பப்பட்டது. அவர்களுக்கென்று நிறுவப்பட்ட சேமிப்பு வங்கி 1874இல் மூடப்பட்டது. 1934இல் தொடங்கிய மத்திய வீட்டு அடமானக் காப்பீடு கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களை ஏற்கவில்லை. இவை பலரும் எழுதிய செய்திகள்; இங்கே விரிக்க வேண்டியதில்லை.

சொத்து ஏன் மருத்துவத்தோடு தொடர்புடையது என்பதே நமக்கு முக்கியம். நோய் வரும்போது சொத்து இரண்டாவது காப்பீடாக நிற்கிறது. காப்பீடு உள்ளவருங்கூடக் குறிப்பிட்ட தொகை வரையில் முதலில் தாமே செலுத்த வேண்டும். சேமிப்பு உள்ளவருக்கு அது ஒரு மாதத்துச் சங்கடம், இல்லாதவருக்குக் கடன். 2017ஆம் ஆண்டைப் பற்றிய குடிமதிப்பு அலுவலகத்தின் கணக்கின்படி, கறுப்பினக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 மருத்துவக் கடனில் இருந்தன. வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17. ஆறில் ஒரு பங்கு உடைமையுள்ளவர் மிகுதியான கடனைச் சுமக்கின்றனர்.

இதை இனப்பிரச்சினை என்று கூறாதீர்கள், வகுப்புப் பிரச்சினை என்று கூறுங்கள் என்பார் உண்டு. கடனில் இருக்கும் வெள்ளையரின் எண்ணிக்கை பெரிது என்பதும் உண்மை. நான் அவ்வாதத்தைப் பாதியளவு ஏற்கிறேன். சமச் செலவு என்னும் பாரம் ஏழை வெள்ளையரையும் நசுக்குகிறது. ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2020இல் எழுதிய நூல் அதைத்தான் கூறுகிறது. ஆனால் அந்தப் பாரம் ஏன் பொதுப்பணத்தால் தாங்கப்படவில்லை என்று கேட்டால் நாம் மீண்டும் நிறத்திற்கே வந்து சேர்கிறோம். 1946இல் மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசு நிதி வழங்கிய சட்டம், தனித்தனியாயினும் சமம் என்ற பெயரில் பிரிவினை மருத்துவமனைகளையும் அனுமதித்தது. வட கரோலினா மாநிலத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் ஜார்ஜ் சிம்கின்ஸும் மற்றவரும் தொடுத்த வழக்கில் 1963இல்தான் அப்பகுதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2010இன் காப்பீட்டுச் சட்டத்திற்குப் பின், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு உதவியை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விரிவாக்க மறுத்து நின்ற மாநிலங்களில் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, டெக்சஸ், புளோரிடா ஆகியன இருந்தமை தற்செயலன்று. அங்கே ஏழை வெள்ளையரும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நீதியாகச் சொல்ல வேண்டுமானால், அச்சட்டத்தால் காப்பீடில்லாத கறுப்பினத்தவரின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹாஃப்மனின் தருக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது என்றேன். 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒபர்மையரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. மிகுந்த கவனிப்புத் தேவைப்படும் நோயாளிகளைத் தெரிந்தெடுக்க அமெரிக்க மருத்துவமனைகள் ஒரு கணினிச் சூத்திரத்தைப் பயன்படுத்திவந்தன. சூத்திரத்திற்கு நோயாளியின் இனம் தெரியாது. அது வருங்கால மருத்துவச் செலவை முன்கணித்து, செலவு மிகுந்தவரே நோய் மிகுந்தவர் என்று கொண்டது. கறுப்பின நோயாளிக்கு அதே நோய்க்குச் செலவிடப்பட்ட தொகை குறைவு. ஆகவே அவர் ஆரோக்கியமானவர் என்று சூத்திரம் முடிவு செய்தது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் கறுப்பினத்தவர் மிகுந்த நோயுற்றிருந்தார். இப்பிழை நீக்கப்பட்டால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதிபெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5 ஆக உயரும் என்று அவர்கள் கணித்தனர். ஹாஃப்மன் வறுமையின் விளைவை இனத்தின் இயல்பு என்று படித்தார். சூத்திரம் புறக்கணிப்பின் விளைவைத் தேவையின்மை என்று படித்தது. எவருடைய மனத்திலும் பகை இல்லாமலே மரக்கால் சுருங்கிவிட்டது; வெறுப்பையே பாவமாகக் காணப் பழகிய நமது பிரசங்கங்களுக்கு இது பிடிபடுவது கடினம்.

திருச்சபை என்ன செய்தது? மாற்கு 5இல் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீ பல வைத்தியர்களிடத்தில் தனக்குரியவை அனைத்தையும் செலவிட்டும் குணமடையாமல், முன்னிலும் மோசமானாள். லூக்கா 8:43இன் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில், முக்கியமாக வத்திக்கான் பிரதியில், வைத்தியர்களுக்குச் செலவிட்ட செய்தி இல்லை. லூக்கா வைத்தியராதலால் தம் தொழிலைக் காத்துக்கொண்டார் என்று ஆசிரியர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. செய்தி காணப்படும் பிரதிகளில் அவள் இழந்ததாகச் சொல்லப்படுவது ‘பியோஸ்’. அக்கிரேக்கச் சொல் பிழைப்புக்கான பொருளையும் குறிக்கும், வாழ்வையும் குறிக்கும். அவள் சுகமடைந்து வீடு திரும்பியபோது அப்பொருள் திரும்பி வந்ததா என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்கச் சபைகள் சில அதைக் கேட்டன என்பது அவற்றின் பெருமை. மருத்துவமனைகள் வசூலிக்க இயலாத பழங்கடன்களை வசூல் நிறுவனங்களுக்கு மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகின்றன. ஒரு டாலர் கடன் ஏறத்தாழ ஒரு சென்டுக்கு. 2014இல் தோன்றிய ஓர் அறக்கட்டளை அவ்விலைக்கே அவற்றை வாங்கி, வசூலிக்காமல் தள்ளுபடி செய்யத் தொடங்கியது. பல சபைகள் அதற்குக் காணிக்கை திரட்டின. 2019இல் சிக்காகோப் பகுதியில் ஐக்கிய கிறிஸ்து சபையினர் ஏறத்தாழ 38,000 டாலர் அளித்து, 53 இலட்சம் டாலர் கடனை நீக்கினர். இச்சபை நமக்கு அயலானதன்று. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், இச்சபையின் முன்னோரான காங்கிரிகேஷனல் சபையாரின் பணியே. அதே சபையார் தெற்கில் விடுதலை பெற்றோருக்குப் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறுவினர். ஆகவே உறவினர் என்ற உரிமையோடுதான் இதனை மதிப்பிடுகிறேன்.

இத்தள்ளுபடியைப் பிரசங்க மேடைகள் ‘யூபிலி’ என்று கொண்டாடின. 2018க்கும் 2020க்கும் இடையில் 83,401 பேரின் ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சம் டாலர் கடனை இவ்வாறு நீக்கி, நீக்கப்படாத மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களின் முடிவு 2024இல் வெளிவந்தது. சராசரியாக அவர்களுடைய பணநிலையிலோ, மனநலத்திலோ, மருத்துவம் நாடுவதிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. பலர் இச்செய்தியால் மனம் சோர்ந்தனர். எனக்கு இது வியப்பளிக்கவில்லை. ஒரு டாலர் கடன் ஒரு சென்டுக்குக் கிடைக்கிறது என்றால், அக்கடன் திரும்பாது என்று சந்தை ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டது. சபை வாங்கியது பெரும்பாலும் கடன்கொடுத்தவன் கைவிட்டதையே. வாசலில் வந்து மிரட்டும் குரலை நிறுத்துவதும் ஒரு நன்மைதான். அதை நான் இகழவில்லை. ஆனால் யூபிலி என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

திருமறையில் கடன் நீக்கம் உபாகமம் 15க்கு உரியது. அங்கேயுங்கூடக் கடன் நீக்கம் தனித்து நிற்கவில்லை; விடுதலை பெறும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பாமல், மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று அதே அதிகாரத்தின் 13ஆம் 14ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. எதிர்மறை எண்ணைப் பூச்சியம் ஆக்குவதோடு நியாயப்பிரமாணம் நிறைவடைவதில்லை. கையில் ஏதேனும் இருக்க வேண்டும். லேவியராகமம் 25இன் யூபிலியோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதன் மையம் காணியாட்சி. இழந்த நிலம் குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும். 44,900 டாலருக்கும் 2,85,000 டாலருக்கும் இடையிலுள்ள பள்ளம் கடன் நீக்கத்தால் நிரம்பாது. அனைவருக்கும் பொதுக் காப்பீடு வந்தாலும் நிரம்பாது என்றே நான் எண்ணுகிறேன். அது ஒழுகலை அடைக்கும், பானையை நிரப்பாது. வில்லியம் டாரிட்டியும் கர்ஸ்டன் மல்லனும் 2020இல் எழுதிய நூலில் இழப்பீட்டைத் தனிக் கடமையாக வற்புறுத்துவது இதனால்தான்.

யூபிலியைத் தலைகீழாக்கிய சட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. நம் மாணவர்கள் அதனை அறிய வேண்டும். முதியோரின் நெடுங்காலப் பராமரிப்புக்கு மெடிக்கெய்டு உதவி பெற வேண்டுமானால், பெரும்பாலான மாநிலங்களில் தனிநபரிடம் 2,000 டாலர் அளவே சேமிப்பு இருக்கலாம் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. வாழும் வீடு பொதுவாக அக்கணக்கில் சேராது. ஆனால் அவர் இறந்தபின், 55 வயதுக்குமேல் அவருக்கு அவ்வகையில் செலவிட்ட தொகையை அவர் விட்டுச்சென்ற சொத்தினின்று வசூலிக்க முயல வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. வாழ்க்கைத்துணை உயிரோடிருந்தாலும், சிறு பிள்ளையோ ஊனமுற்ற பிள்ளையோ இருந்தாலும் வசூல் இல்லை. மற்றபடி வீடு விற்கப்படலாம். செல்வர் வழக்கறிஞரைக் கொண்டு முன்னதாகவே சொத்தைப் பாதுகாத்துக்கொள்கின்றனர். சிக்குவது பெரும்பாலும் ஒரு வீடு மட்டுமே உடையவர். இதனால் அரசு பெறுவதோ அப்பராமரிப்புச் செலவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. காங்கிரசுக்கு ஆலோசனை கூறும் ஆணையமே, இதனைக் கட்டாயமாக்காமல் மாநிலங்களின் விருப்பத்திற்கு விட வேண்டும் என்று 2021இல் பரிந்துரைத்தது. அடமானம் மறுக்கப்பட்ட தெருவில், தலைமுறை தாமதமாக, ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கிய முதல் வீடு, தாயின் முதுமை நோய்க்கு ஈடாக அடுத்த தலைமுறைக்குச் சேராமல் போகிறது.

இந்த இடத்தில் உரையாசிரியருக்கு ஓர் உண்மையான இடர்ப்பாடு எழுகிறது; யூபிலியைப் பற்றிப் பிரசங்கிப்போர் பெரும்பாலும் அதனைத் தாண்டிச் செல்கின்றனர். லேவியராகமம் 25:29, 30இன்படி, மதில் சூழ்ந்த நகரத்திலுள்ள வீடு யூபிலியில் திரும்புவதில்லை. ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கினவனுக்கே நிலைத்துவிடும். மதில் இல்லாத கிராமத்து வீடோ நிலத்தோடு எண்ணப்பட்டுத் திரும்புகிறது. எழுத்தின்படி பார்த்தால் டெட்ராய்ட்டிலும் சிக்காகோவிலும் உள்ள வீட்டிற்கு யூபிலி இல்லை என்றாகும். ஆனால் 32ஆம் 33ஆம் வசனங்கள் இந்த விலக்குக்கே ஒரு விலக்கை வைக்கின்றன. லேவியரின் பட்டணத்து வீடுகள் யூபிலியில் திரும்ப வேண்டும்; ஏனெனில் இஸ்ரவேலருக்குள் அவர்களுக்கிருந்த காணியாட்சி அவ்வீடுகளே. வயலில் பங்கு பெறாதவனுக்கு வீடே வயல். 1865இல் கொடுத்த நிலம் திரும்பப் பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் நகரத்தில் வாங்கிய வீடு இவ்விரு வகைகளில் எதனைச் சேர்ந்தது என்பதை, அதிகாரத்தை 30ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் 33 வரையில் வாசித்துப் பார்த்துத் தீர்மானிக்கட்டும்.